இரவுப் பறப்பில் ட்ரோன் தடுமாறும்போது: தேடல் மீட்புப் பயிற்சிக்கான பிழை நீக்கும் வழிமுறை

யாழ்ப்பாணக் குடாநாட்டிலும் தீவகத்திலும் காணாமற்போனவர்களைத் தேடுவதற்காக ட்ரோன் இயக்கப் பழகுபவர்கள், பகலில் கைதேர்ந்த பின்னர் முதன்முறையாக இரவில் ஏற்றும்போது எதிர்கொள்ளும் கோளாறுகள் இங்கே அறிகுறி வாரியாகத் தரப்படுகின்றன. வரிசையாகப் படிக்க வேண்டியதில்லை. களத்தில் கண்ட அறிகுறியை நேரே தேடிச் சென்றால் போதும். எந்த அறிகுறியானாலும் முதல் வேலை ஒன்றுதான்: இயக்கும் கருவியிலுள்ள இரண்டு ஸ்டிக்குகளையும் விட்டுவிட்டு, ட்ரோன் நின்ற இடத்திலேயே நிற்கிறதா என்பதைத் திரையிலுள்ள வேக எண்ணில் பார்த்து, சுற்றியுள்ள மரங்களுக்கு மேலாக உயர்த்திய பிறகே காரணத்தைத் தேட வேண்டும். இரவில் விமானி முதலில் ஐயுற வேண்டியது தன் கண்ணை, அடுத்தது திரையை, ட்ரோனை மூன்றாவதாகத்தான். பழகுநர்கள் பெரும்பாலும் இந்த வரிசையைத் தலைகீழாக்கி, பழுதில்லாத இயந்திரத்தைத் திருத்தப் போய்ப் பனைமரத்தில் மோதவிடுகிறார்கள்.

கீழே சொல்லப்படுபவை எல்லாம், சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் அனுமதி எழுத்தில் கையிலிருக்கிறது, பொலிஸ் நிலையத்துக்கும் கடற்படைக்கும் முன்கூட்டியே அறிவிக்கப்பட்டிருக்கிறது என்ற அடிப்படையில் எழுதப்பட்டவை. பலாலி விமான நிலையம் 2019 ஒக்டோபரில் சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டதையும், குடாநாடு சிறியது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், பயிற்சிக்கு இடம் தேர்வதே தனி வேலை என்பது விளங்கும்.

ட்ரோனின் விளக்கு தானாக நகர்வதுபோல் தெரிகிறது

வேக எண் சுழியமாக இருக்கும்போது விளக்கு மட்டும் மெல்ல மிதந்து செல்வதாகத் தோன்றினால், நகர்வது ட்ரோன் அல்ல. இருண்ட பின்னணியில் ஒற்றை ஒளிப்புள்ளியை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தால் அது அசைவதாகக் கண் காட்டும். ஒப்பிட வேறு எதுவும் இல்லாத கடற்பரப்பின் மேல் இது இன்னும் வலுவாக நிகழும். பார்வையை ஒரே இடத்தில் நிறுத்தாமல் விளக்கைச் சுற்றி அலையவிடுங்கள். விழித்திரையின் நடுப்பகுதியில் மங்கிய ஒளியை உணரும் கலங்கள் இல்லாததால், விளக்குக்குச் சற்று விலகிய இடத்தைப் பார்ப்பதுதான் அதைத் தெளிவாகக் காணும் வழி.

விளக்கே தெரியாமற்போனால், பெரும்பாலும் காரணம் திரையின் வெளிச்சம். கண் இருளுக்கு முழுமையாகப் பழக 20 முதல் 30 நிமிடங்கள் எடுக்கும். முழு வெளிச்சத்தில் உள்ள திரையை ஒரு தடவை பார்த்தாலே அந்தப் பழக்கம் போய்விடும். ஆகவே திரையைப் பார்ப்பவரும் வானைப் பார்ப்பவரும் ஒரே ஆளாக இருக்கக்கூடாது. வானைப் பார்க்கும் நோட்டக்காரர், திரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, சிவப்பு ரோச் லைற் மட்டும் வைத்திருக்க வேண்டும். மினுக்கும் விளக்கும் போதிய வலுவுடையதாக இருப்பது அவசியம்: அமெரிக்க விதி 3 மைல், அதாவது ஏறக்குறைய 4.8 கிலோமீற்றர் தொலைவில் தெரியும் விளக்கைக் கேட்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் பச்சை நிற மினுக்கு விளக்கு கட்டாயம். நமது கடலில் இரவுத் தொழிலுக்குப் போகும் படகுகளின் விளக்குகள் நிறைய இருப்பதால், மினுக்காத விளக்கை நம்புவது வீண்.

இடப்பக்கம் தள்ளினால் வலப்பக்கம் போகிறது

ட்ரோனின் முகம் உங்களை நோக்கித் திரும்பியிருக்கிறது. விமானங்களில் இடப்பக்கம் சிவப்பு, வலப்பக்கம் பச்சை என்ற மரபு உண்டு. சந்தையில் உள்ள பல ட்ரோன்களில் அந்த மரபு இல்லை. அவற்றில் சிவப்பு முன்பக்கத்தையும், பச்சை பின்பக்கத்தையும் குறிக்கும். உங்கள் ட்ரோனில் எது என்பதைப் பகலிலேயே பார்த்துவைத்துக்கொள்ளுங்கள். குழப்பம் வந்தபின் சுழற்றிப் பார்த்து ஊகிக்க வேண்டாம்: சற்று முன்னே தள்ளி, புறப்பட்ட இடத்திலிருந்தான தூர எண் கூடுகிறதா குறைகிறதா என்று பாருங்கள். குறைந்தால் முகம் உங்களை நோக்கியிருக்கிறது.

ஸ்டிக்கை விட்ட பின்னும் ட்ரோன் நகர்கிறது

இது மெய்யான நகர்வு. வட்டமாகச் சுழன்று சுழன்று விலகினால் திசைகாட்டியில் பிழை; கம்பி கட்டிய கொங்கிறீற் தளம், பாலம், வாகனக் கூரை, வெளியிணைப்பு எந்திரம் பூட்டிய படகின் பின்பகுதி ஆகியவற்றிலிருந்து ஏற்றியிருப்பீர்கள். பண்ணைத் தாம்போதியில் பயிற்சி வைப்பவர்கள் பாலத்தைத் தவிர்த்து, மணற்றரையில் பலகை விரித்து ஏற்றினால் இதில் பெரும்பங்கு தீர்ந்துவிடும்.

காற்றுப் போகும் பக்கமாக நேரே இழுபட்டுச் சென்றால், கதை வேறு. பகலில் ஜி.பி.எஸ். தடுமாறினாலும் கீழ்நோக்கிய பார்வை உணரிகள் தரையின் அடையாளங்களைப் பிடித்துக்கொண்டு ட்ரோனை நிறுத்திவைக்கும். அந்த உணரிகளுக்கு வெளிச்சம் வேண்டும். வெளிச்சத்தின் அளவு ஏறக்குறைய 15 லக்ஸுக்குக் கீழே போனால் அவை கண்ணை மூடிக்கொள்ளும், நீர்ப்பரப்பின் மேல் பகலிலேயே தடுமாறும். எனவே இரவில் ட்ரோனைப் பிடித்து நிறுத்துவது ஜி.பி.எஸ். மட்டுமே.

அந்த ஜி.பி.எஸ்.ஸும் எமது அகலக்கோட்டில் முன்னிரவில் சோர்வடையக் கூடியது. புவியின் காந்த நடுக்கோடு தென்னிந்தியாவின் தென்முனையை ஒட்டிச் செல்கிறது. இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனம் திருநெல்வேலியில் ஆய்வுக்கூடம் வைத்திருப்பது அதனால்தான். அந்தக் கோட்டின் இருபுறமும், சூரியன் மறைந்த சில நேரத்தில் அயனி மண்டலத்தில் அடர்த்தி குறைந்த குமிழிகள் எழுந்து, செய்மதிச் சமிக்ஞைகளைத் துடிக்கவைக்கின்றன. பங்குனி, சித்திரையிலும் புரட்டாதி, ஐப்பசியிலும், சூரியச் செயற்பாடு உச்சத்தில் உள்ள ஆண்டுகளில், மாலை 7 மணிக்கும் நள்ளிரவுக்கும் இடையில் இது அதிகம். திரையில் செய்மதிகளின் எண்ணிக்கை திடீரெனச் சரிந்து மீண்டும் ஏறுவதும், நிலைப்புள்ளி வரைபடத்தில் துள்ளுவதும் இதன் அடையாளங்கள். வெளிநாட்டுக் கைந்நூல்கள் பெரும்பாலும் இதைச் சொல்வதில்லை, ஏனெனில் அவை எழுதப்பட்ட நாடுகளில் இது அன்றாடப் பிரச்சினை அல்ல.

செய்ய வேண்டியது: உயரத்தைக் கூட்டி, காற்றுக்கு எதிராக முகத்தைத் திருப்பி, கையால் பிடித்து நிறுத்துங்கள். தானாகத் திரும்பும் பொத்தானை அழுத்த வேண்டாம், அதுவும் ஜி.பி.எஸ்.ஸைத்தான் கேட்கும். பெரும்பாலும் சில நிமிடங்களில் சமிக்ஞை திரும்பும். ஜி.பி.எஸ். இல்லாமல் கையால் பிடித்து நிறுத்தும் திறனை, அதற்கு இடம்தரும் சிறிய பயிற்சி ட்ரோன் ஒன்றில் பகலில், சோழகக் காற்றில், திறந்த வெளியில் பழகியிராதவரை இரவுப் பயிற்சியில் சேர்க்கக்கூடாது என்பது என் உறுதியான கருத்து. மற்றைய எல்லாத் தகுதிகளும் இதற்குப் பின்னர்தான்.

வெப்பக் கமராவில் மனிதரைக் காணவில்லை

குளிர்நாடுகளில் எடுக்கப்பட்ட பயிற்சிக் காணொளிகளில், கறுத்த நிலத்தின் நடுவே மனிதர் வெள்ளையாகப் பளிச்சென்று தெரிவார். இங்கே அப்படித் தெரியாது. முன்னிரவில் சுண்ணக்கல் மதில்களும் தார் வீதிகளும் பகலில் வாங்கிய வெயிலை வெளிவிட்டுக்கொண்டிருக்கும். அவற்றின் வெப்பமும் மனிதத் தோலின் வெப்பமும் 30 பாகைக்குச் சற்று மேலே ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும். கமராவில் பழுதில்லை. வேறுபாடு இல்லாத இடத்தில் கமரா எதைக் காட்டும்? மணல் விரைவாகக் குளிரும், கல் மெதுவாகக் குளிரும், ஆழமற்ற கடனீரேரி இரவு முழுவதும் இளஞ்சூடாகவே கிடக்கும். ஆகவே மணற்காட்டு மணல்மேடுகளில் இரவு 10 மணிக்கே தெரிகின்ற ஆள், ஊர்மனைக்குள் நள்ளிரவுக்குப் பின்னர்தான் தெரிவார். விடியலுக்கு முந்திய சில மணி நேரமே தரைத்தேடலுக்கு மிகவும் ஏற்றது. சூரியன் மறைந்த உடனும் உதித்த உடனும் நிலமும் நீரும் மரமும் ஒரே வெப்பத்தைக் கடந்துபோகும் வேளையில், படம் முழுவதும் ஒரே சாம்பலாக இருக்கும்.

நேரம் சரியாக இருந்தும் காணாவிட்டால், உயரத்தைப் பாருங்கள். மேவிக் 3 தேர்மல் போன்ற ட்ரோனில் வெப்பக் கமரா 640×512 புள்ளிகளையும், மூலைக்கு மூலை 61 பாகைப் பார்வைக் கோணத்தையும் கொண்டது. நேர் கீழே பார்க்கும்போது 100 மீற்றர் உயரத்தில் ஒரு புள்ளி தரையில் ஏறக்குறைய 14 சென்ரிமீற்றரை மூடும். 60 மீற்றரில் ஏறக்குறைய 9, 30 மீற்றரில் 4 சென்ரிமீற்றருக்குச் சற்று மேல். நிலத்தில் படுத்துக்கிடக்கும் ஒருவர் 100 மீற்றரிலும் பத்துக்கு மேற்பட்ட புள்ளிகள் நீளமாகத் தெரிவார். நீரில் தலை மட்டும் வெளியே இருப்பவரோ அந்த உயரத்தில் ஒன்று இரண்டு புள்ளிகள்தான். அலையின் மினுக்கத்தில் அவற்றைப் பிரித்தறிய முடியாது. நீரில் தேடும்போது 30 முதல் 40 மீற்றருக்கு இறங்க வேண்டும். பரப்பளவு குறைகிறதே என்ற கவலையில் மேலே ஏறுவது, தேடியதாகக் கணக்குக் காட்ட மட்டுமே உதவும். தரைத்தேடலில் 60 மீற்றர் உயரத்தில் படத்தின் அகலம் 55 மீற்றர் அளவில் இருக்கும். 40 மீற்றர் இடைவெளியில் கோடு பிடித்து, செக்கனுக்கு 4 மீற்றர் வேகத்தில் போனால், ஒவ்வொரு இடமும் பத்துச் செக்கன் அளவுக்குத் திரையில் நிற்கும். புதியவரின் கண்ணுக்கு அவ்வளவு நேரம் வேண்டும்.

உயரமும் சரியென்றால், படத்துக்குள் வேறு என்ன இருக்கிறது என்று பாருங்கள். படகு எந்திரமோ, ஜெனரேற்றரோ, குப்பை எரித்த சாம்பலோ ஒரு மூலையில் இருந்தால், கமரா தன் சாம்பல் நிறங்களை எல்லாம் அந்தச் சூட்டுக்கு ஒதுக்கிவிட்டு, மீதியை ஒரே நிறமாக்கிவிடும். வானம் படத்துக்குள் வந்தாலும் அதே விளைவு, ஏனெனில் வானம் மிகக் குளிர்ந்தது. கமராவைக் கீழே சாய்த்து, அடிவானத்தையும் சூடான பொருளையும் வெளியே தள்ளினால், ஒரு நொடியில் படம் உயிர்பெறும்.

இன்னொன்று, பலர் தவறவிடுவது: நனைந்த மனிதர் குளிர்ந்த புள்ளியாகத் தெரியலாம். ஈரச் சட்டையில் காற்றுப் படும்போது நீர் ஆவியாகி, சட்டையின் மேற்பரப்பு கடல்நீரைவிடக் குளிர்ந்துவிடும். நனைந்த தலைமயிரும் அப்படியே. வாடைக் காலத்தில் கவிழ்ந்த படகைப் பிடித்துக்கொண்டிருப்பவரின் முதுகு இருண்டும், முகம் மட்டும் சற்று வெளிறியும் தெரியும். வெள்ளைப் புள்ளியை மட்டும் தேடப் பழகிய கண் அவரைக் கடந்துபோய்விடும். ஆகவே படத்தின் நிறத்தட்டை, சூடு வெள்ளையாகத் தெரிவதிலிருந்து சூடு கறுப்பாகத் தெரிவதற்கு மாற்றி, ஒரே கோட்டில் இரண்டு முறை பறக்கவிடுங்கள். வானவில் நிறத்தட்டுகள் காட்சிக்கு அழகானவை, தேடலுக்கு வேண்டாம்.

பயிற்சியில் இதைக் காட்ட ஆளை இருட்டில் கடலுக்குள் இறக்கத் தேவையில்லை. இளஞ்சூட்டு நீர் நிரப்பிய பிளாஸ்ரிக் கலன் ஒன்று, அதன்மேல் போர்த்திய ஈரச் சட்டை ஒன்று, கரையில் கட்டிய கயிறு ஒன்று போதும். காரைநகர் கசூரினாக் கடற்கரையின் ஆழமற்ற நீர் இதற்கு வாய்ப்பான இடம். சாதாரணக் கமராவுக்கு, அமெரிக்கத் தேசிய தரநிலை நிறுவனம் வகுத்த முறை மிக எளியது: வெள்ளை வாளிகளின் அடியில் வளையக் குறிகளை ஒட்டி, வெவ்வேறு கோணங்களில் சாய்த்து வைத்து, ட்ரோனை அவற்றின் அச்சுக்கு நேராகக் கொண்டுவந்து குறியைப் படிக்கச் செய்வது. வாளி எந்தக் கடையிலும் கிடைக்கும். பகலில் எடுத்த புள்ளியையும் இரவில் எடுத்த புள்ளியையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வைத்தால், யார் இரவில் தடுமாறுகிறார் என்பதைச் சண்டையில்லாமல் சொல்லிவிடலாம்.

படம் உறைகிறது, மங்குகிறது, வெள்ளையாகிறது

ஒரு கிளிக் ஒலியுடன் ஒரு செக்கன் அளவுக்கு வெப்பப் படம் நின்றால், இணைப்பு அறுந்துவிடவில்லை. கமரா தன்னைத்தானே சீர்செய்கிறது. ஏற்றிய முதல் சில நிமிடங்களில் இது அடிக்கடி நடக்கும். படம் பால்போல் மங்கினால், ஏசி போட்ட வாகனத்திலிருந்து இறக்கிய உடனே ஏற்றியிருப்பீர்கள்: கடற்கரையின் ஈரக்காற்று குளிர்ந்த வில்லையில் பனித்துவிட்டது. அரை மணி நேரம் முன்பே பெட்டியை வெளியே எடுத்துவைப்பதே மருந்து. வெப்பக் கமராவின் வில்லையைச் சாரத்துணியாலோ சட்டை முனையாலோ துடைக்க வேண்டாம். அதன் பூச்சு உப்புத்துகளில் கீறுப்படும். தேடுவிளக்கைப் போட்டதும் எல்லாம் வெள்ளையானால், காற்றில் தூறலோ புகையோ இருக்கிறது. விளக்கை அணைத்து வெப்பக் கமராவை நம்புங்கள். அந்தத் தூறல் கூடினால் இறக்குங்கள். நீர்ப்பாதுகாப்புத் தரம் இல்லாத ட்ரோனை மழையில் இழந்துவிட்டால், தேவைப்படும் இரவில் அது கையில் இராது.

திரும்பி வரும்போது எதிலோ சிக்குகிறது

தடைதவிர்க்கும் உணரிகளும் வெளிச்சத்தை நம்பியவைதான். பகலில் பனைமரத்தின் முன் தானாக நின்ற ட்ரோன், இரவில் நேரே அதற்குள் போகும். பனை 30 மீற்றர் வரை வளரும். தொலைபேசிக் கோபுரங்கள் அதற்கும் மேலே. தானாகத் திரும்பும் உயரத்தை இடத்துக்கு இடம் மாற்றி, பகலில் நடந்து பார்த்த மிக உயர்ந்த பொருளைவிட 20 மீற்றர் கூடுதலாக வையுங்கள். படகிலிருந்து ஏற்றினால் திரும்பும் புள்ளி, படகு அப்போது நின்ற இடத்தில் தங்கிவிடும். படகு நகர நகர அதைப் புதுப்பிக்காவிட்டால், ட்ரோன் வெறும் நீரின்மேல் வந்து இறங்கும்.

தை மாதத்தில் இன்னொரு ஆபத்து உண்டு. வல்வெட்டித்துறைப் பக்கத்தில் மட்டுமல்ல, ஊர்கள்தோறும் பெரிய பட்டங்களை இரவு முழுவதும் வானில் கட்டிவிடும் வழக்கம் இருக்கிறது. நூல் எந்தக் கமராவிலும் தெரியாது. ஏற்றுவதற்கு முன் எந்திரங்களை நிறுத்தி, பேச்சையும் நிறுத்தி, காதைக் கொடுங்கள்: பட்டத்தில் கட்டும் ஒலி நாரான விண் கூவும் ஒலி கேட்டால், அந்தப் பட்டமும் நூலும் இருக்கும் பக்கத்தை விட்டு விலகி ஏற்றுங்கள், அல்லது உரியவரைக் கண்டு இறக்கச் சொல்லுங்கள். பொதுவாக மறுக்கமாட்டார்கள்.

தரையிறங்கும்போது ஒரு மீற்றரில் தயங்குகிறது

கீழ்நோக்கிய உணரிக்குத் தளம் தெரியவில்லை. தளப்பலகைக்கு வெள்ளைப் பூச்சுப் பூசி, பக்கவாட்டில் தாழ்வாக விளக்கு வையுங்கள். விளக்கு மேல்நோக்கி எரிந்தால் விமானியின் கண்ணும் போய்விடும்.

ஆளைக் கண்டோம், படகு போய்ச் சேரவில்லை

கண்டுபிடித்த பின் நேரும் இந்தத் தோல்விக்குக் காரணம் பெரும்பாலும் ஆயத்தொலை எண்ணை எழுதும் முறை. ட்ரோன் திரை பாகையைத் தசமத்தில் காட்டும். மீனவரின் ஜி.பி.எஸ். கருவி பெரும்பாலும் பாகையும் நிமிடமும் தசமமுமாகக் காட்டும். குருநகருக்குத் தெற்கே கடனீரேரியில் 80.0240 பாகை கிழக்கு என்று திரையில் வந்ததை, வானொலியில் கேட்டவர் 80 பாகை 02.40 நிமிடம் என்று குறித்துக்கொண்டால், படகு ஏறக்குறைய 1.75 கிலோமீற்றர் கிழக்கே போய்த் தேடும். சரியான மாற்றம் 80 பாகை 01.44 நிமிடம், அதாவது தசமப் பகுதியை 60 ஆல் பெருக்க வேண்டும். 60ஐத் தாண்டிய நிமிடம் வந்தால் பிழை தன்னைக் காட்டிக்கொடுக்கும். இதுபோல் சிறிய எண்ணாக வரும்போதுதான் யாருக்கும் ஐயம் எழாது. பறப்புக்கு முன் எந்த முறை என்று தரைக்குழுவும் படகோட்டியும் ஒத்துக்கொண்டு, கரையில் தெரிந்த ஓர் இடத்தின் எண்ணைச் சொல்லிச் சரிபார்ப்பதற்கு இரண்டு நிமிடமும் ஆகாது.

எண்ணோடு கண்ட நேரத்தையும் சொல்லுங்கள். நீரில் இருப்பவர் காற்றோடும் நீரோட்டத்தோடும் நகர்ந்துகொண்டிருக்கிறார். படகு நெருங்கியதும் ட்ரோனை அவருக்கு மேலே நிறுத்தி விளக்கை நேர் கீழே பாய்ச்சுங்கள், படகோட்டியின் முகத்தில் அடிக்க வேண்டாம். கடனீரேரியில் சிறகுவலைத் தடிகள் நீருக்கு மேல் சற்றே நீட்டிக்கொண்டிருக்கும். படகின் வழியிலுள்ள தடிகளை மேலிருந்து பார்த்துச் சொல்வதும் ட்ரோன் விமானியின் கடமை. உலங்குவானூர்தியின் ஒலி கேட்டால் விவாதமின்றி இறக்க வேண்டும்.

தேடப்படுபவரும் ஊராரும் மறைந்துகொள்கிறார்கள்

இதுவும் கோளாறுதான், ஆனால் கருவியில் அல்ல. போர்க்காலத்தில் வேவு விமானத்தை வண்டு என்று அழைத்து, அதன் இரைச்சல் கேட்டதும் விளக்கை அணைத்துப் பதுங்கிய மக்கள் இங்கே வாழ்கிறார்கள். இரவில் மேலே இரைச்சலும் விளக்கும் வந்தால், வழிதவறிய முதியவர் பற்றைக்குள் ஒதுங்குவது இயல்பே. பயிற்சிக்கு முதல்நாள் கிராம அலுவலர் மூலமும், கோவில், தேவாலய ஒலிபெருக்கிகள் மூலமும் நேரத்தையும் இடத்தையும் அறிவியுங்கள். தேடலின்போது, ஒலிபெருக்கி பூட்டிய ட்ரோனாக இருந்தால், காணாமற்போனவரின் உறவினர் ஒருவரின் குரலைப் பதிவுசெய்து ஒலிக்கவிடுங்கள். விமானியின் குரலுக்கு வராதவர் மகளின் குரலுக்கு வெளியே வருவார். வீட்டு முற்றங்களின் மேல் தாழ்வாகப் பறப்பதைப் பயிற்சியில் முற்றாகத் தவிர்க்க வேண்டும்.

மறுநாள் மோட்டர் கரகரக்கிறது, பற்றரி ஏறவில்லை

உப்பு. கடற்கரைப் பறப்புக்குப் பின், நல்ல நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் உடலையும் மோட்டர்களின் வெளிப்புறத்தையும் துடைத்து, நிழலில் உலரவைத்த பின்னரே பெட்டியில் மூடுங்கள். பற்றரியின் தொடுமுனைகளில் பச்சை படிந்திருந்தால் அது துருவின் தொடக்கம். அதைச் சுத்தப்படுத்தும்வரை ஏற்ற வேண்டாம். கலங்களுக்கிடையே மின்னழுத்தம் ஒன்றோடொன்று ஒவ்வாமல் இருக்கும் பற்றரியையும், உப்பிய பற்றரியையும் பயிற்சிக்கென்று ஒதுக்கி வைக்காதீர்கள். அவற்றை வகுப்பிலிருந்தே அகற்றிவிடுங்கள்.